எல்.கே.ஜி.க்குப் பதறுகிறோம், ஆறாம் வகுப்பை மறந்துவிடுகிறோம்

கோடை விடுமுறை நெருங்கும்போது எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி வாசலில், வேப்பமரத்தடியில் ஒரு மேசை போட்டு உட்காருவோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நாங்கள் இரண்டு மூன்று அம்மாக்களும் ஒரு ஆசிரியையும்தான். சேர்க்கைப் படிவம் நிரப்பித் தருவது எங்கள் வேலை. ஆனால் படிவத்தைவிடக் கேள்விகளே அதிகம் வரும். போன வருடம் ஒரு தங்கச்சி ஜவுளிக்கடை மஞ்சப்பையில் எல்லாச் சான்றிதழையும் போட்டுக்கொண்டு வந்தாள். சேலையைப் பிடித்தபடி சின்னப் பெண், பின்னாலேயே அண்ணன்காரன்.

"அக்கா, சின்னவளை எல்.கே.ஜி. போடணும். மெட்ரிக்ல போடவா, சி.பி.எஸ்.இ.ல போடவா, இல்ல இங்கிலீஷ் மீடியத்துல போடவா? நீங்களே சொல்லுங்க."

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் இதற்குள் மூன்று வேறு வேறு கேள்விகள் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. பள்ளியை நடத்துவது யார்? அங்கே எந்தப் பாடத்திட்டம்? எந்த மொழியில் பாடம் நடக்கிறது? இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

முதலில் நடத்துவது யார் என்பதைப் பார்ப்போம். அரசுப் பள்ளி என்றால் கல்வித் துறை நேரடியாக நடத்துவது மட்டும் கிடையாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாமே அரசுப் பள்ளிகள்தான். அடுத்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதாவது நம் பேச்சில் எய்டட் ஸ்கூல். நிர்வாகம் தனியாருடையது, அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசு. மூன்றாவது சுயநிதிப் பள்ளி. நர்சரி பிரைமரி, மெட்ரிகுலேஷன், பெரும்பாலான சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இதில் வரும். மத்திய அரசின் கேந்திரிய வித்யாலயா தனி ரகம். நவோதயா பள்ளி பற்றியும் சிலர் கேட்பார்கள்; அது தமிழ்நாட்டில் இல்லை.

இரண்டாவது, பாடத்திட்டம். பெரிய தவறான நம்பிக்கை இருப்பது இங்கேதான்.

அந்தத் தங்கச்சி, "கவர்மெண்ட் ஸ்கூல்ல சமச்சீர்தான, மெட்ரிக்ல பாடம் கஷ்டமா இருக்கும், அதான் நல்லது" என்றாள். அவளுடைய மகன் ஒரு மெட்ரிக் பள்ளியில் அப்போதுதான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தான். அவனிடம், "உன் கணக்குப் புத்தகம் வீட்டில் இருக்காப்பா?" என்று கேட்டோம். பக்கத்துத் தெருதான், ஓடிப்போய் எடுத்து வந்தான். எங்கள் பள்ளி ஆங்கில வழிப் பிரிவின் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை ஆசிரியை உள்ளேயிருந்து கொண்டுவந்தார். இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அதே அட்டை. அதே தமிழ்நாடு அரசு முத்திரை. பின்னங்கள் பாடத்தைத் திறந்தால் படமும் கணக்கும் வரிக்கு வரி ஒன்றே. அவள் இரண்டு புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கா அஞ்சு வருஷமா பீஸ் கட்டினேன்?" என்றாள்.

நியாயமான அதிர்ச்சிதான். ஒரு காலத்தில் மெட்ரிக்குக்குத் தனிப் பாடத்திட்டமும் தனித் தேர்வும் இருந்தது உண்மை. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வாரியங்கள் தமிழ்நாட்டில் இருந்தன. 2010-ல் வந்த சமச்சீர் கல்விச் சட்டம் இவற்றுக்கெல்லாம் ஒரே பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஆகஸ்டில் தீர்ப்பு வந்த பிறகு பத்தாம் வகுப்பு வரை நடைமுறையானது. ஆக, இன்று "மெட்ரிக்" என்பது பள்ளியின் வகையைக் குறிக்கும் பெயர். பத்தாம் வகுப்புத் தேர்வில் மெட்ரிக் பிள்ளையும் அரசுப் பள்ளிப் பிள்ளையும் எழுதுவது ஒரே வினாத்தாளைத்தான். சில பள்ளிகள் கூடுதலாக வேறு பதிப்பகப் புத்தகங்களை வாங்கச் சொல்லும், அது அவர்களாகச் சேர்த்துக்கொள்வது.

உண்மையிலேயே வேறு பாடத்திட்டம் வேண்டுமென்றால் சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. மாதிரியானவற்றுக்குத்தான் போக வேண்டும். வேலை மாற்றத்தில் மாநிலம் மாநிலமாகப் போகும் குடும்பத்துக்கு சி.பி.எஸ்.இ. வசதி என்பதை மறுக்க மாட்டேன். ஊரைவிட்டு நகரப் போவதில்லை, வீட்டில் உட்கார்ந்து சொல்லித்தர ஆளும் இல்லை என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறான் என்பதற்காக மட்டும் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாவது, பயிற்று மொழி. ஆங்கில வழி தனியாரில்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கில வழிப் பிரிவு பத்து வருடத்துக்கும் மேலாக நடக்கிறது. தமிழ் வழிக்கு ஒரு தனிப் பலனும் உண்டு: அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை. 2010-ல் கொண்டுவந்த அந்தச் சட்டத்தை 2020-ல் திருத்தி, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பில் நாம் டிக் அடிக்கும் அந்தக் கட்டம் இருபது வருடம் கழித்து வேலைக்கான விண்ணப்பத்தில் வந்து நிற்கும்.

சரி, எல்.கே.ஜி.க்கு வருவோம். உண்மையைச் சொன்னால் இந்த வயதுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி. குழந்தை நடந்து போய் வர வேண்டும், மத்தியானம் தூங்க வேண்டும், விளையாட வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை முக்கால் மணி நேரம் வேனில் உட்கார வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்குவதில்லை. அங்கன்வாடி இருக்கிறது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள்.

தனியார் பள்ளிதான் வேண்டும், ஆனால் பீஸ் கட்ட முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை ஒதுக்க வேண்டும். 2009-ல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. தமிழ்நாட்டில் பட்டியலினம், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட பிரிவினர் சாதிச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எல்.கே.ஜி.க்கு, சேரும் வருடம் ஜூலை 31 அன்று மூன்று வயது நிறைந்து நான்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளிகளுக்கே முன்னுரிமை. விண்ணப்பம் இணையத்தில்தான், இ-சேவை மையத்திலும் போடலாம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஆதரவற்ற குழந்தைகள், மாற்றுத்திறன் குழந்தைகள், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் போன்றோருக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம் தர வேண்டும். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் அறிவிப்பு வரும். 2025-ல் மத்திய அரசிடமிருந்து நிதி வராத சிக்கலில் அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதனால் இதை மட்டுமே நம்பி வேறு பள்ளியில் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

"எங்க ஊர்ல பெரிய கான்வென்ட் லிஸ்ட்லயே இல்லையே" என்று கேட்பார்கள். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுதான் காரணம்.

இதில் இன்னொன்றையும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த இலவசம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் அதே பள்ளி முழு பீஸ் கேட்கும். அதுவரைக்குமே புத்தகம், சீருடை, வேன் என்று தனியாகப் பணம் கேட்கும் பள்ளிகள் உண்டு. சேர்க்கும் நாளிலேயே எது எதற்குப் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பீஸ் கட்டிச் சேர்ப்பவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2009-ன் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் எவ்வளவு வாங்கலாம் என்று தொகை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் கேட்டால் புகார் செய்யலாம். டொனேஷன் வாங்குவதும், சேர்க்கைக்காகக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, நேர்காணல் வைப்பதும் கல்வி உரிமைச் சட்டப்படி கூடாது. மூன்று வயதுக் குழந்தையிடம் நிறம் கேட்டு, வடிவம் கேட்டு, பதில் சொல்லவில்லை என்று திருப்பி அனுப்பினால், தவறு குழந்தையிடம் இல்லை.

இந்த வயதுக் கணக்கில் இன்னொரு சிக்கல். ஒன்றாம் வகுப்புக்கு மாநிலப் பாடத்திட்டத்தில் ஜூலை 31-ல் ஐந்து வயது நிறைந்திருந்தால் போதும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ல் ஆறு நிறைந்திருக்க வேண்டும். 2021 மே மாதம் பிறந்த குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பள்ளியில் 2026 ஜூனிலேயே ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் 2027 ஏப்ரலிலும் முடியாது, அப்போது ஐந்தே முக்கால் தாண்டித்தான் இருக்கும். 2028 ஏப்ரலில்தான் முடியும். இரண்டு வருட வித்தியாசம்! அங்கே போடும் யோசனை இருந்தால் எல்.கே.ஜி.யிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட வேண்டும். மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, பிறகு இட ஒதுக்கீடு, குலுக்கல் என்று அங்கே வரிசையும் நீளம்.

இனி ஆறாம் வகுப்பு. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

அரசுப் பள்ளியில் புத்தகம், நோட்டு, சீருடை, காலணி, பை, பஸ் பாஸ், சத்துணவு எல்லாம் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. காலையில் ஆறு மணிக்கு மில்லுக்குக் கிளம்பும் அம்மாவுக்கு அந்த உப்புமாவும் பொங்கலும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். ஆனால் பெரிய சலுகைகளெல்லாம் பிற்பாடுதான் வருகின்றன, அவற்றுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் வரை விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கல்லூரியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருவதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு என்பதுதான் அளவுகோல். எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த ஆயிரம் உண்டு. ஆனால் 7.5 விழுக்காட்டில் எய்டட் பள்ளி சேராது. பெயரில் அரசு என்று இருக்கிறதே என்று நம்பி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு கவுன்சிலிங் சமயத்தில் கண்கலங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பத்தாவது வரை தனியாரில் படிக்க வைத்துவிட்டு, "ப்ளஸ் ஒன்னுக்கு கவர்மெண்ட்ல போட்டுக்கலாம், கோட்டா கிடைக்கும்" என்று சொல்பவர்கள் நிறைய. கிடைக்காது. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் எட்டு வரை தனியாரில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மற்ற எல்லோருக்கும் ஐந்து முடித்து ஆறில் கால் வைக்கும்போதே வாசல் தீர்மானமாகிவிடுகிறது. எல்.கே.ஜி.யைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இதை மாற்ற முடியாது.

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தங்கச்சி மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவனை மாற்றுவதில் அவளுக்கு ஒரு பயம் இருந்தது. கடைசிப் பருவ பீஸ் பாக்கி. அதைக் கட்டினால்தான் டி.சி. என்று பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். இதே காரணத்தால் எத்தனையோ பிள்ளைகள் ஜூன் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் தெளிவாக இருக்கிறது: எட்டாம் வகுப்பு வரை, டி.சி. தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. பீஸ் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பிள்ளையின் எமிஸ் எண், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவு எண் இருந்தால் விவரம் எல்லாம் கணினியிலேயே இருக்கும். புதுப் பள்ளியின் தலைமையாசிரியர் அதை வைத்து மாற்றிக்கொள்வார். பழைய பள்ளி எமிஸிலிருந்து விடுவிக்க மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் பேசலாம்.

மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தோம். சின்னவளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும்போது குழந்தைக்குப் பெயர் வைத்திருக்க மாட்டோம், பிறகு மறந்துவிடுவோம். ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 வருடம் வரைக்கும் பெயரைச் சேர்க்கலாம். ஆதாரில் ஒரு எழுத்துக்கூட்டல், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்று இருந்தால் சேர்ப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள். இன்று பதிவேட்டில் ஏறும் எழுத்துதான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் வரும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் 2027 ஜூனில் எல்.கே.ஜி.க்கு வருவார்கள். வீட்டில் அந்த வயதுக் குழந்தை இருந்தால் இப்போதே சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

அதற்காக, காகிதம் இல்லை என்றால் பள்ளி இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளையை வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆதார் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூன் தாண்டி வந்தாலும் சேர்க்க வேண்டும். இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனை இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது. மாற்றுத்திறன் குழந்தைக்குப் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை, 2016-ன் சட்டப்படி. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருப்பார்கள். நடக்க முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஏற்பாடும் உண்டு. பெற்றோர் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து கேளுங்கள்.

எல்லா அரசுப் பள்ளியும் பிரமாதம் என்று நான் சொல்ல மாட்டேன். அறுபது பிள்ளைகளுக்குள் இருக்கும் தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு ஆசிரியர்தான் இருப்பார்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் நிலைமை என்னவென்று யோசியுங்கள். அதனால் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாளில் நேரில் போங்கள். எத்தனை ஆசிரியர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, இரண்டாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கிறதா என்று பாருங்கள். தனியார் பள்ளிக்குப் போனாலும் இதையே பாருங்கள். ஸ்மார்ட் போர்டையும் நுழைவாயில் வளைவையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளி என்றால் கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிறதா என்று தலைமையாசிரியரிடமே கேளுங்கள். குறை இருந்தால் மேலாண்மைக் குழுவுக்கு வாருங்கள். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது விதி. எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது, நாங்கள் ஐந்து கூட்டத்தில் தொடர்ந்து தீர்மானம் எழுதிய பிறகுதான்.

அன்று மதியம் சின்னவளை எங்கள் பள்ளி எல்.கே.ஜி.யில் எழுதிக்கொண்டோம். பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தைத் தனியாக நிரப்பிக் கொடுத்தோம். கிளம்பும்போது அவள் படியில் நின்று திரும்பினாள்.

"பெரியவனுக்கு டவுன் ஹைஸ்கூலா, இல்ல இங்கேயே எட்டு வரைக்குமாக்கா?"

அந்த வாரத்திலேயே இரண்டு பள்ளிக்கும் அவனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொன்னேன். டவுன் பள்ளிக்குக் காலை எட்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கிறது, பாஸ் உண்டு. இங்கே கணக்கு டீச்சர் நன்றாக நடத்துவார். அவன் இங்கேயே சேர்ந்தான். இப்போது காலையில் சின்னவளின் கையைப் பிடித்துக் கூட்டி வருவதும் அவன்தான்.